கண்ணால் பார்க்காத மிஷினுக்குப் பணம் கட்டலாமா?

கடந்த சில பாடங்களில் உள்கடன், பதிவேடு, நகைக்கடன் வட்டி பற்றிப் படித்தோம். இந்த மாதப் பாடம் புதுசு. 'கிரிப்டோ', 'பிட்காயின்', 'மைனிங் மிஷின்' என்ற வார்த்தைகள் இப்போது நம் வீட்டுப் போன்களுக்குள்ளும் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "ஒரு மிஷினுக்குப் பணம் கட்டுங்க, தினமும் காசு வரும்" என்று செய்தி வருகிறது. படிச்ச பிள்ளைகளும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களும்கூட அதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள்.

இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்று இல்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் நோக்கம்

1. மைனிங் என்றால் என்ன, அதில் உண்மையிலேயே எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது.
2. எக்சேஞ்ச் எனப்படும் இடத்துக்கும் வங்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது.
3. குழுவின் பணமும் உறுப்பினரின் வங்கிக் கணக்கும் இதில் மாட்டிக்கொள்ளாமல் காப்பது.

மைனிங் என்றால் என்ன?

பிட்காயின் என்பது 2009-ஆம் வருடம் தொடங்கிய ஒரு கம்ப்யூட்டர் காசு. ரிசர்வ் வங்கியோ வேறு எந்த அரசாங்கமோ அச்சிடும் பணம் அல்ல. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை உலகம் முழுவதும் உள்ள கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதி வைக்கின்றன. அந்தக் கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்கு ஒரு போட்டி நடக்கும். அதில் ஜெயிக்கிற கம்ப்யூட்டருக்குப் புதிய காயின் பரிசு. இந்தப் போட்டிக்குத்தான் மைனிங் என்று பெயர்.

நமக்குத் தெரிந்த குலுக்கல் சீட்டை நினைத்துப் பாருங்கள். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு குலுக்கல். மிஷின் என்பது சீட்டு எழுதிப் போடுகிற கை மாதிரி. வேகமான மிஷின் அதிகச் சீட்டு போடும். ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பரிசு குறைந்துகொண்டே வரும். 2009-இல் ஒரு குலுக்கலுக்கு 50 காயின். 2012-இல் 25 ஆனது. 2016-இல் 12.5. 2020-இல் 6.25. 2024 ஏப்ரல் முதல் 3.125. ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒரு முறை பாதியாகும்.

இரண்டு, மிஷின்கள் கூடினால் காயின் கூடாது. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டியின் கடினம் தானாகவே மாறிவிடும். உலகத்தில் மிஷின் இரண்டு மடங்கானால், அதே பத்து நிமிடம், அதே பரிசுதான். பங்கு போடுகிறவர்கள்தான் இரண்டு மடங்கு. ஆகவே போன வருடம் சம்பாதித்த மிஷின் இந்த வருடம் அதே அளவு சம்பாதிக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஊக்குநர்கள் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டவும்.

சீனாவின் பிட்மெயின் கம்பெனி 2016-இல் 'ஆன்ட்மைனர் எஸ்9' என்ற மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய சரக்காக இன்றும் கைமாறுகிற மிஷின் அது. 2025-இல் உலகம் முழுவதும் ஓடிய மிஷின்களின் மொத்த வேகத்தோடு ஒப்பிட்டால், ஒரு எஸ்9-இன் பங்கு பத்து கோடியில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஒரு நாளைக்கு உலகம் முழுவதும் கிடைக்கும் புதுக் காயின் சுமார் 450. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படியும் இந்த மிஷினுக்கு வரும் பங்கு ஒரு நாளைக்கு சுமார் 60 ரூபாய்.

கரண்ட் எவ்வளவு? மிஷின் சுமார் 1,350 வாட் இழுக்கும். ஏறக்குறைய இரண்டு எச்.பி. மோட்டார் மாதிரி. தோப்பில் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடுவோம். இதை ராத்திரி பகல் 24 மணி நேரமும் ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 32 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 320 ரூபாய்.

வரவு 60, செலவு 320. தினமும் 260 ரூபாய் நஷ்டம். இரண்டு மாத பில் வரும்போது சுமார் 1,950 யூனிட் ஓடியிருக்கும்.

"அது பழைய மிஷின், புது மிஷின் வாங்கலாமே" என்று கேட்பீர்கள். 2023-இல் வந்த எஸ்21 என்ற மிஷின் எஸ்9-ஐப் போலப் பதினைந்து மடங்கு வேகம். அதே கணக்கில் நாளுக்கு 900 ரூபாய் வரும். கரண்ட் 3,500 வாட், நாளுக்கு 84 யூனிட், 840 ரூபாய். மிச்சம் 60 ரூபாய். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மிஷினின் முதல் எப்போது திரும்பும்? காயின் விலை கொஞ்சம் இறங்கினாலே அந்த 60 ரூபாயும் போய்விடும். இதோடு கரண்ட் தடை, மாடியிலும் கேட்கிற ஃபேன் சத்தம், சூடு, ரிப்பேர், சுங்க வரி எல்லாம் உண்டு. ரிப்பேர் என்றால் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கொடுத்துப் பார்க்கிற சாமான் அல்ல.

மைனிங்கில் லாபம் பார்க்கிறவர்கள் இல்லையா? உண்டு. கரண்ட் மிக மலிவாகக் கிடைக்கும் இடங்களில் ஆயிரக்கணக்கில் மிஷின் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் அவை. நம் வீட்டுத் திண்ணையில் அது நடக்காது.

மிஷினுக்குப் பணம் கட்டியவர்கள் பட்ட பாடு

முதல் சம்பவம்: அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற கம்பெனி மைனிங் மிஷின்களுக்கு முன்பணம் வாங்கியது. ஒரு மிஷின் விலை 149 டாலர் முதல் 29,899 டாலர் வரை. 2013 செப்டம்பரில் 20,000-க்கும் மேற்பட்டோர் முழுப் பணமும் கட்டிவிட்டு மிஷினுக்காகக் காத்திருந்தார்கள் என்று அந்த நாட்டு வணிக ஆணையம் சொன்னது. சிலருக்கு மிஷின் மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. அதற்குள் போட்டி கடினமாகி, வந்த மிஷினுக்கு மதிப்பில்லாமல் போனது. ஆணையம் 2014-இல் வழக்குப் போட்டது. இங்கே மிஷின் என்று ஒன்று இருந்தது. காலதாமதமே ஜனங்களை ஏமாற்றிவிட்டது.

இரண்டாவது சம்பவம்: நம் நாட்டில் 'கெயின்பிட்காயின்'. இதை நடத்தியவர் அமித் பரத்வாஜ். "மிஷின் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் காயின் கொடுங்கள், மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருகிறோம்" என்பது திட்டம். ஆள் சேர்த்தால் கமிஷனும் உண்டு. 2017-இல் சொன்னபடி பிட்காயின் கொடுக்காமல், தாங்களே உண்டாக்கிய 'எம்கேப்' என்ற வேறு காயினைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. அவர் 2018-இல் கைது செய்யப்பட்டார், 2022 ஜனவரியில் இறந்துவிட்டார். சுமார் 6,600 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை சொல்கிறது. 2025 பிப்ரவரியில்கூட சி.பி.ஐ. அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது. பணம் கட்டியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது சம்பவம்: 'எச்.பி.இசட். டோக்கன்' என்ற போன் ஆப். மைனிங் மிஷினில் முதலீடு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். 57,000 ரூபாய் கட்டினால் தினமும் 4,000 ரூபாய் வீதம் மூன்று மாதம் தருவதாக வாக்கு. ஒரே ஒரு முறை பணம் கொடுத்துவிட்டு, மேலும் கட்டச் சொன்னார்கள் என்கிறது அமலாக்கத் துறை. நாகாலாந்தின் கோகிமா சைபர் போலீஸ் 2021-இல் பதிவு செய்த வழக்கிலிருந்து விசாரணை விரிந்தது. 2024 மார்ச்சில் 299 பேர் மற்றும் கம்பெனிகள் மீது திமாப்பூர் சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இந்த வாக்கை நம் குழுக் கணக்கால் சோதிப்போம். 4,000 ரூபாய் வீதம் 90 நாளுக்கு 3,60,000 ரூபாய். போட்ட முதல் பதினைந்தாவது நாளிலேயே திரும்பிவிடும். அப்படி ஒரு மிஷின் கையில் இருந்தால் அவன் நம்மைத் தேடி வருவானா? ஒரு மாதத்துக்கு ஒரு வட்டிக்கடை கடன் வாங்கியே பத்து மிஷின் போட்டுவிடுவானே. இந்த ஒரு கேள்வியை எந்தத் திட்டத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ஈமு கோழியை மறந்திருக்க மாட்டோம். பெருந்துறையில் சுசி ஈமு நிறுவனம் 2012-இல் விழுந்தது. "கோழியை வளருங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம்" என்றார்கள். அங்கே கோழியாவது கண்ணுக்குத் தெரிந்தது. நம் மாவட்டத்தில் 2017-இல் களியக்காவிளைப் பக்கம் மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடியபோது, எல்லைக்கு இரண்டு பக்கமும் சேமித்தவர்கள் தெருவில் நின்றார்கள். அங்கே கட்டிடமாவது இருந்தது. மைனிங் ஆப்பில் கோழியும் கிடையாது, கட்டிடமும் கிடையாது. ஒரு படமும் ஒரு நம்பரும்தான்.

எக்சேஞ்ச் என்பது வங்கி அல்ல

காயினை வாங்கவும் விற்கவும் உள்ள கம்பெனிக்கு எக்சேஞ்ச் என்று பெயர். போனில் பார்த்தால் வங்கி ஆப் மாதிரியே இருக்கும். நம் பெயர், பாக்கி, வரவு செலவு எல்லாம் தெரியும். அதனால்தான் குழப்பம்.

நாஞ்சில் நாட்டில் அறுவடை முடிந்ததும் நெல்லை ஒரு ஆலைக்காரர் குடோனில் போட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் கையில் இருப்பது 'இத்தனை கோட்டை' என்று எழுதிய துண்டுச் சீட்டு. நெல் அவர் பூட்டுக்குள். குடோனில் திருடன் புகுந்தால், அல்லது அவரே கதவைத் திறக்கவில்லை என்றால், சீட்டை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? எக்சேஞ்சில் உள்ள காயினும் அப்படித்தான். சாவி அவர்களிடம்.

ஜப்பானில் 'மவுண்ட் காக்ஸ்' என்ற எக்சேஞ்ச் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது. 2014 பிப்ரவரியில் மூடியது. சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றது, பிறகு அதில் சுமார் 2,00,000 கண்டுபிடிக்கப்பட்டது. வாடிக்கையாளர்களுக்குக் காயின் திரும்பிக் கிடைக்க ஆரம்பித்தது 2024 ஜூலையில். பத்து வருடம் ஆகிவிட்டது.

நம் நாட்டில் 'வாசிர்எக்ஸ்'. 2024 ஜூலை 18 அன்று இந்த எக்சேஞ்சிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் இணையத் திருடர்களால் கொண்டுபோகப்பட்டன. உடனே எல்லோருடைய பணமும் காயினும் எடுக்க முடியாதபடி நிறுத்தப்பட்டது. திருட்டுப் போகாத காயின் வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நஷ்டத்தை எல்லோருக்கும் பங்கு போட வேண்டும் என்று கம்பெனி சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. வியாபாரம் மறுபடி தொடங்கியது 2025 அக்டோபரில்தான். பதினைந்து மாதம் பூட்டுக்கு உள்ளே. அந்தப் பதினைந்து மாதத்தில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் வந்திருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும். போனில் பாக்கி தெரிந்தது, கையில் எடுக்க முடியவில்லை.

இதில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போனார். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 'எக்ஸ்.ஆர்.பி.' என்ற காயின் வாங்கியவர். திருடப்பட்டது வேறு வகைக் காயின், என் காயினைத் தொடக் கூடாது என்பது அவர் வாதம். சிங்கப்பூரில் வழக்கு நடக்கிறது, இங்கே பேசக் கூடாது என்றது எதிர்த்தரப்பு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் அந்தப் பெண்ணுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். கிரிப்டோவும் ஒருவகைச் சொத்துதான், ஒருவர் அனுபவிக்கவும் மற்றொருவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடியது என்று சொன்னார். பெண்களுக்கு இது நல்ல தீர்ப்பு. ஆனால் கவனியுங்கள், தன்னுடைய காசைக் காப்பாற்ற அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேரால் வக்கீல் வைத்து வழக்கு நடத்த முடியும்?

வங்கியும் விழுந்திருக்கிறது. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டது. அந்தப் பாடத்தில் இருந்துதான் 1962-இல் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. இன்றைக்கு ஒரு வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எக்சேஞ்சில் உள்ள காயினுக்கு அப்படி எதுவும் கிடையாது.

போலி எக்சேஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே சொன்னவை நிஜமாக நடந்த எக்சேஞ்சுகள். இதைவிட மோசமானவை வெறும் போலி ஆப்கள். அவை நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

* முதலில் 500, 1,000 போடச் சொல்லும். அதைத் திருப்பி எடுக்கவும் விடும். நம்பிக்கை வருவதற்காகக் கொடுப்பது அது.
* பிறகு பெரிய தொகை போடச் சொல்லும். பாக்கி தினமும் ஏறும்.
* எடுக்கப் போனால் "30 சதவீத வரி முதலில் கட்டுங்கள்", "கணக்கு லாக் ஆகிவிட்டது, திறக்கக் கட்டணம்" என்று வரும். கட்டினால் இன்னொரு கட்டணம் வரும்.

வரி விஷயத்தை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, அது உண்மை. ஆனால் அந்த வரி வருமான வரித் துறைக்கு நம் பான் எண்ணில் கட்டுவது. விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம் உண்டு, அதை விற்ற பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். பணம் எடுப்பதற்கு முன்னால் நம் கையிலிருந்து வரி கேட்கிறவன் ஏமாற்றுக்காரன். ஒருவரின் கூகுள் பே நம்பருக்கு எந்த வரியும் கட்டுவது கிடையாது.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

இரண்டு உறுப்பினர்கள் எழுந்து நின்று இதை நடித்துக் காட்டலாம். ஒருவர் ஊக்குநர், ஒருவர் உறுப்பினர்.

உறுப்பினர்: எக்கா, எனக்கு ஒரு முப்பதாயிரம் உள்கடன் வேணும்.

ஊக்குநர்: என்ன காரியத்துக்குன்னு சொல்லு பிள்ளே, நோட்டுல எழுதணும்லா.

உறுப்பினர்: தொழிலுக்குன்னு எழுதுங்க. மைனிங் மிஷின்ல போடணும். எங்க மைனி போட்டிருக்கா. தினமும் போன்ல காசு கூடிட்டே இருக்காம்.

ஊக்குநர்: காசு கூடுதா, நம்பரு கூடுதா?

உறுப்பினர்: ரெண்டும் ஒண்ணுதான எக்கா?

ஊக்குநர்: ஒண்ணு இல்ல மக்களே. மைனி போட்ட முதலை முழுசா பேங்க்ல எடுத்து பாஸ்புக்குல பதிஞ்சு காட்டட்டும். கொஞ்சம் இல்ல, முழுசா. அப்புறம் பேசுவோம்.

உறுப்பினர்: அது மூணு மாசம் கழிச்சுத்தான் எடுக்க முடியுமாம். இன்னும் ரெண்டு பேரைச் சேத்தா சீக்கிரம் எடுக்கலாமாம்.

ஊக்குநர்: நீதான் அந்த ரெண்டு பேருல ஒருத்தி. மிஷினு எந்த ஊருல இருக்கு, கேட்டியா?

உறுப்பினர்: கேக்கல.

ஊக்குநர்: ஒரு ஆடு வாங்கணும்னாலும் பல்லைப் பாத்துத்தான வாங்குவோம்? முப்பதாயிரத்துக்கு மிஷினு, எந்த ஊருன்னே தெரியாது! இது உன் பணம் மட்டும் இல்ல பிள்ளே. நீ கட்டலைன்னா மத்தவளுக சேந்து கட்டணும். அடுத்த பேங்க் கடனும் நின்னுபோகும்.

நடித்து முடித்ததும் உறுப்பினர்களைக் கேளுங்கள்: அந்த மைனி கெட்டவளா? இல்லை. அவளும் நம்பிப் போட்டவள். ஆள் சேர்த்தால்தான் தன் பணம் வரும் என்ற நிலைக்கு அவளைத் தள்ளிவிட்டார்கள். சொந்தக்காரர் சொன்னால் நம்பிக்கை கூடும் என்று தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள். ஆகவே சொல்கிறவர் யார் என்று பார்க்காமல், பணத்தை முழுதாகத் திருப்பி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கணக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்

இன்னொரு ஆபத்து நம் பாஸ்புக்கில் இருக்கிறது. "உங்க அக்கவுண்டும் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் கொடுங்க, மாதம் ஐந்தாயிரம் தருகிறோம்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஏமாற்றிய பணத்தைக் கைமாற்றுவதற்கு அவர்களுக்குப் பல பேருடைய கணக்கு வேண்டும். போலீஸ் வரும்போது முதலில் கிடைப்பது நம் பெயர்தான்.

எக்சேஞ்சில் ஒருவருக்கொருவர் நேரடியாகக் காயின் விற்கும் முறையிலும் இதே சிக்கல். காயின் வாங்கியவர் நமக்கு அனுப்பிய பணம் திருட்டுப் பணமாக இருந்தால், நம் கணக்கு முடக்கப்படும். அரசு உதவித்தொகை, கூலி, குழுக் கடன் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. அது முடங்கினால் வீடு முடங்கும். குழுவின் சேமிப்புக் கணக்கை இதற்கு எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

* கிரிப்டோ இந்தியாவில் செல்லுபடியாகும் பணம் அல்ல. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்தது.
* வங்கிகள் கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-இல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. ஆகவே வாங்குவதும் விற்பதும் குற்றம் அல்ல. ஆனால் குற்றம் அல்ல என்பதால் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை.
* ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. மைனிங் மிஷினுக்கான செலவையும் காயினின் அடக்கவிலையாகக் காட்டிக் கழிக்க முடியாது என்று 2022-இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது.
* 2023 மார்ச் முதல் எக்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒன்பது வெளிநாட்டு எக்சேஞ்சுகளுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. பதிவு இருந்தாலும், அது நம் பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.
* பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்க, 1997-ஆம் வருடத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கீகாரமில்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-இல் வந்தது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

வெட்கப்பட்டு மறைப்பதால் ஏமாற்றியவனுக்குத்தான் நேரம் கிடைக்கிறது. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து, போன பணத்தைப் பிடிக்க மேலும் நகையை அடகு வைக்கக் கூடாது.

1. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கான எண் இது. பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.
2. நம் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.
3. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, நம்பர், ஆப்பின் படம் எதையும் அழிக்காதீர்கள்.
4. நாகர்கோவிலில் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும், டெபாசிட் திட்டம் என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் குழுப் பிரதிநிதி கூட வர வேண்டும்.
5. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்து ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டத்துக்காரன்தான்.

ஐந்து கேள்விகள்

எந்த முதலீட்டுக்கும் பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் கட்ட வேண்டாம்.

1. பொருள் எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?
2. போட்ட பணத்தை முழுதாக எடுத்தவர் யார்? பாஸ்புக்கில் காட்டுவாரா?
3. இவ்வளவு லாபம் என்றால் என்னிடம் ஏன் வருகிறார்கள்?
4. ஆள் சேர்த்தால் காசு என்கிறார்களா?
5. தகராறு வந்தால் நான் எந்த ஊர் அலுவலகத்தில், யார் முன்னால் போய் நிற்பேன்?

நம் குழுவுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. நாம் வாரம் கட்டும் சேமிப்பு சிறியதுதான். ஆனால் அது எல்லோர் முன்னிலையிலும் எண்ணப்படுகிறது, நோட்டில் எழுதப்படுகிறது, கையெழுத்தாகிறது, கேட்டால் கணக்குக் காட்டப்படுகிறது. கோடி ரூபாய் எக்சேஞ்சில் இல்லாத ஒழுங்கு பன்னிரண்டு பேர் உட்காரும் நம் பாயில் இருக்கிறது.

கலந்துரையாட

* நம் ஊரில் மைனிங், காயின், ஆப் என்று யாராவது ஆள் சேர்க்கிறார்களா? பெயர் சொல்லாமல், திட்டம் என்ன என்று மட்டும் பேசவும்.
* உள்கடன் கொடுக்கும்போது நோக்கத்தை நாம் உண்மையிலேயே விசாரிக்கிறோமா, அல்லது 'தொழில்' என்று எழுதி விடுகிறோமா?
* வீட்டில் பிள்ளைகள் இந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்களா? அவர்களிடம் கோபப்படாமல் எப்படிப் பேசுவது?

குழுவில் எழுத மாதிரித் தீர்மானம்

"இன்று நடந்த கூட்டத்தில் கிரிப்டோ மற்றும் மைனிங் மிஷின் பற்றிய பாடம் வாசிக்கப்பட்டது. குழுவின் உள்கடனையோ வங்கிக் கடனையோ கிரிப்டோ, மைனிங், ஆள் சேர்க்கும் திட்டம் எதிலும் போடுவதில்லை என்றும், உறுப்பினர் எவரும் தம் வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு, சிம் ஆகியவற்றை வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்றும், யாராவது ஏமாந்தால் அவரைக் குறை சொல்லாமல் அன்றே 1930-க்குத் தெரிவிக்க உதவுவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

தீர்மானத்தை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வராத உறுப்பினருக்கு அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.